ஏடு மாறினும் எழுத்து மாறாமல்

(பத்தாம் ஆண்டு விழா இலக்கிய அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பாரதியார் தம் பாடல்களைத் தாமே உரக்கப் பாடிக்காட்டுவார் என்று அவரோடு பழகியோர் எழுதி வைத்துள்ளனர். அக்குரல் எத்தகையது என்பதை இன்று கேட்டறிய வழியில்லை. அவர் மறைந்த 1921-ஆம் ஆண்டில் இசைத்தட்டு இந்நாட்டிற்குப் புதிய பொருளன்று. கருவி இருந்தது, குரல் எஞ்சவில்லை. இன்றைய நிலை வேறு. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஓர் ஒளிப்பதிவுக் கருவி இருக்கிறது. பத்தாண்டுகளில் இவ்வட்டம் நடத்திய கவியரங்குகளும் நூல் வெளியீடுகளும் உறுப்பினர்களின் தொலைபேசிகளிலும் வீட்டுக் கணிப்பொறிகளிலும் காணொளிக் கோப்புகளாய்ச் சிதறிக் கிடக்கின்றன. மூத்த உறுப்பினர் சிலர் இல்லங்களில் அதற்கும் முந்திய காலத்து ஒளிநாடாப் பேழைகள் பரணில் உறங்குகின்றன. பதிவு இல்லை என்ற குறை தீர்ந்தது. பதிவைப் பேணும் முறை அறியப்படவில்லை என்ற குறை அதன் இடத்தில் வந்து அமர்ந்துள்ளது.

வீட்டுக் கணிப்பொறியில் காணொளியைக் கையாள்வோர் இருவகைத் தொழில் செய்கின்றனர். ஒன்று, பதிவைச் சிறிதும் மாற்றாமல் அதனைத் தாங்கும் கலத்தை மட்டும் மாற்றுதல். மற்றொன்று, பதிவையே வெட்டியும் ஒட்டியும் திருத்தியும் அமைத்தல். முன்னதற்கு ரீமக்ஸ் என்றும், பின்னதற்கு எடிட்டிங் என்றும் தொழில்துறையார் பெயர் வழங்குவர். முன்னதைக் கலமாற்றம் என்றும், பின்னதைப் படத்தொகுப்பு என்றும் தமிழில் கூறலாம். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமையாலேயே நல்ல பதிவுகள் பாழாகின்றன. இவ்வேறுபாடு தமிழர்க்குப் புதியதன்று. ஏடு பெயர்த்தெழுதியோரும் ஏட்டைப் பதிப்பித்தோரும் முன்னரே அறிந்தது என்பதை எடுத்துக்காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

அழிந்த படங்களும் அழியும் நாடாக்களும்

1931-ஆம் ஆண்டு எச்.எம்.ரெட்டி இயக்கத்தில் டி.பி.ராஜலட்சுமி நடித்து வெளிவந்த 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும்படம் எனப் போற்றப்படுகிறது. அப்படத்தின் படிச்சுருள் ஒன்றேனும் இன்று கிட்டவில்லை. நடராஜ முதலியார் எடுத்த 'கீசகவதம்' என்னும் மௌனப்படத்தின் கதியும் அதுவே. தென்னிந்திய மௌனப்படங்களுள் 1933-இல் வெளிவந்த 'மார்த்தாண்ட வர்மா' எஞ்சியது பெரும்பேறு. 1964-இல் புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகமும், அதனை வளர்த்தெடுத்த பி.கே.நாயரும் தேடிக் காத்திராவிடில் இந்தியத் திரையின் தொடக்கக்கால வரலாறு இன்னும் பெரும்பகுதி இருண்டிருக்கும்.

திரைப்படச் சுருளுக்கேனும் ஓர் ஆவணக்காப்பகம் வாய்த்தது. வீட்டு ஒளிநாடாவுக்கு அதுவும் இல்லை. 1976-இல் சப்பானில் வி.எச்.எஸ். பேழை விற்பனைக்கு வந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் திருமண மண்டபந்தோறும் வெள்ளொளி விளக்கைத் தூக்கிப் பிடித்த உதவியாளரோடு வீடியோக்காரர் வந்து நிற்கும் காட்சி சென்னையின் புறநகர்களிலும் வழக்கமாயிற்று. தொழிற்பேட்டையின் ஊரான அம்பத்தூரிலும், படைத்துறைத் தொழிற்சாலைகளின் ஊரான ஆவடியிலும் இவ்வழக்கம் பரவியது. திருமணத்தைப் பதிவு செய்த அதே கருவி பட்டிமன்றத்தையும் கவியரங்கையும் பதிவு செய்தது. அப்பேழைகளை ஓட்டிக்காட்டும் கருவியை உற்பத்தி செய்துவந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட சப்பானின் ஃபுனாய், 2016 சூலையில் அவ்வுற்பத்தியை நிறுத்தியது. 2019-இல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் காந்த நாடாக்கள் குறித்து ஓர் எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கின. 2025-ஆம் ஆண்டளவில் இயங்கும் கருவிகள் அரிதாகி, நாடாக்களை ஓட்டிப் பார்ப்பதே கடினமாகிவிடும் என்பது அத்திட்டம் உணர்த்திய செய்தி. அந்த ஆண்டு வந்துவிட்டது. பரணில் உள்ள பேழைக்குப் பூஞ்சை ஒரு பகை. காந்தத் துகள் உதிர்தல் மற்றொரு பகை. கருவி கிட்டாமை மூன்றாம் பகை.

பழைய ஏடுகளுக்கும் இவ்வாறே பகைகள் இருந்தன. செல்லரித்தது ஒருபால், ஆடிப் பெருக்கில் ஆற்றில் விடுவது அறம் என்ற எண்ணம் மறுபால். ஏடு தேடிச் சென்ற உ.வே.சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூரில் கேட்ட செய்தியைத் தம் வரலாற்றில் குறித்துள்ளார். பழுதுபட்ட ஏடுகளை நெருப்பிலிடுவதே முறை என்று கருதி அங்கு அவற்றை எரித்துவிட்டனர். ஏட்டின் பகையாய் நின்றது வெறுப்பன்று. முறை அறியாத பக்தி. இன்றும், இடம் போதவில்லை என்று தொலைபேசியிலிருந்து கவியரங்கப் பதிவை நீக்குவோர் தமிழை வெறுப்பவர் அல்லர்.

கட்டும் ஓலையும்

காணொளிக் கோப்பு ஒன்றின் அமைப்பை அறிய ஓர் ஏட்டுச் சுவடியை மனத்தில் நிறுத்தினால் போதும். சுவடிக்கு மேலும் கீழும் மரச்சட்டம்; ஊடே செல்லும் கயிறு; நடுவே எழுத்துப் பொறித்த ஓலைகள். காணொளிக் கோப்பிலும் கட்டு வேறு, ஓலை வேறு. கோப்பின் பெயரைத் தொடர்ந்து எம்.பி.4 என்றோ, எம்.கே.வி. என்றோ, ஏ.வி.ஐ. என்றோ நிற்கும் பின்னொட்டு கட்டின் பெயர். அதனைக் கொள்கலன் என்பர். அதனுள் படம் ஓர் ஓடையாகவும் ஒலி மற்றோர் ஓடையாகவும் தனித்தனியே சுருக்கிக் குறியிடப்பட்டுள்ளன. அக்குறியீட்டு முறைக்குக் கோடெக் என்று பெயர். எச்.264 என்பது இன்று பெரிதும் வழங்கும் ஒரு கோடெக், 2003-இல் வகுக்கப்பட்டது.

ஒரே கோடெக்கில் அமைந்த படம் வெவ்வேறு கொள்கலன்களில் இருக்கக்கூடும். 2006-இல் அறிமுகமான ஏ.வி.சி.எச்.டி. வகைக் கையடக்க ஒளிப்பதிவுக் கருவிகள் எம்.டி.எஸ். என்னும் பின்னொட்டுடைய கோப்புகளைத் தந்தன. அக்கோப்பைச் சில கருவிகள் ஏற்பதில்லை. உரிமையாளர் அதனை எம்.பி.4 ஆக மாற்ற விரும்பி, கண்ணிற்பட்ட மாற்றுநிரல் ஒன்றில் இடுகிறார். அந்நிரல் படம் முழுவதையும் விரித்து மீண்டும் சுருக்கி எழுதுகிறது. பழைய கணிப்பொறியாயின் ஒரு மணிநேரக் கூட்டத்திற்கு ஒரு மணிக்கு மேலும் ஆகலாம்; படமும் சற்றுத் தேய்ந்து வெளிவரும். உள்ளே இருந்ததோ ஏற்கெனவே எச்.264. ஓலையைத் தொடவேண்டிய தேவையே இல்லை. சட்டத்தையும் கயிற்றையும் மாற்றினால் போதுமாயிருந்தது. அதுவே கலமாற்றம். படவோடையையும் ஒலியோடையையும் உள்ளபடியே எடுத்து வேறு கொள்கலனில் வைப்பதால் ஒரு துணுக்கும் கூடுவதில்லை, குறைவதில்லை. ஒரு கோப்பைப் படியெடுக்கும் நேரத்திற்குச் சற்று மேலாகும், அவ்வளவே.

இதற்குரிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஃபாப்ரீஸ் பெல்லார் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக், இன்று உலகெங்கும் காணொளித் தொழிலின் அடித்தளமாய் நிற்கிறது. படத்தையும் ஒலியையும் 'காப்பி' செய்க என்று அதற்கு ஆணையிட்டால் கலமாற்றம் மட்டுமே நிகழும். ஆணை எழுதத் தயங்குவோர்க்கு எம்.கே.வி.டூல்நிக்ஸ், அவிடெமக்ஸ், லாஸ்லெஸ்கட் ஆகியன சுட்டியைக் கொண்டே இயக்கத்தக்கவை. படமும் ஒலியும் தனித்தனி ஓடைகளாதலின், வாயசைவுக்கும் ஒலிக்கும் ஒரே அளவில் இடைவெளி விழுந்துள்ள பதிவில் ஒலியின் தொடக்க நேரத்தை மட்டும் முன்பின் நகர்த்திச் சரிசெய்யவும் கலமாற்றத்தால் இயலும்.

படியெடுத்தலின் தேய்மானம்

ஓலை பெயர்த்தெழுதுவோர் எத்துணை விழிப்புடையோராயினும் பிழை நேர்ந்தது. புள்ளியிடாத மெய்யும், வேறுபாடு காட்டாத எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் படிப்போரை மயக்கின. ஒருவர் பிழை அடுத்தவர் ஏட்டில் பாடமாய் அமர்ந்தது. நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுத்த காலத்திலும் இந்நிலையே. மூன்றாம் தலைமுறைப் படியில் மணமகளின் பட்டுச்சேலை நிறம் சிந்தி ஓடியதைப் பலர் கண்டிருப்பர்.

எண்முறைக் கோப்பில் இந்நிலை இரண்டாகப் பிரிகிறது. கோப்பை உள்ளபடியே படியெடுத்தால் நூறாவது படியும் முதற்படியும் ஒன்றே. சரிபார்ப்பு எண் ஒன்றைக் கணக்கிட்டு இரு கோப்புகளும் ஒன்றுதானா என்று உறுதியும் செய்துகொள்ளலாம். ஓலைக்கு வாய்க்காத பேறு இது. ஆனால் கோப்பை விரித்து மீண்டும் சுருக்கும்போது, கண் பெரிதும் காணாது என்று கருதப்படும் நுண்விவரங்களை நிரல் கைவிடுகிறது. கைவிட்டது மீளாது. தேய்ந்ததை மறுபடியும் சுருக்கினால் தேய்மானத்தின்மேல் தேய்மானம்.

அளவு கொண்டு நோக்கினால் இது விளங்கும். 1995-இல் வந்த டி.வி. வகை எண்முறை நாடா படத்திற்கென நொடிக்கு 25 மெகாபிட் ஒதுக்கியது. ஒரு மணிநேரத்திற்கு ஏறத்தாழ 13 கிகாபைட் ஆகும். 1993-இல் வகுக்கப்பட்ட வீடியோ சி.டி. நொடிக்கு 1.15 மெகாபிட் மட்டுமே ஒதுக்கியது. அதன் படம் அகலத்தில் 352 புள்ளி, உயரத்தில் 288 புள்ளி. பேழையிலிருந்து வீடியோ சி.டி.க்கு மாற்றிவிட்டோம் என்ற நிறைவில் பேழையை எறிந்தோர், கிணற்று நீரைச் செம்பில் முகந்துகொண்டு கிணற்றைத் தூர்த்தவராவர். இன்று வாட்ஸ்அப்பில் கைமாறும் காணொளியும் வழியில் சுருக்கப்படுவதே. கவியரங்கப் பதிவை ஒருவர்க்கு ஒருவர் இவ்வழி அனுப்பி, கடைசியாய்ப் பெற்றதையே காப்புப்படி எனக் கொள்ளுதல் தகாது.

அந்தாதித் தொடரும் வெட்டும் இடமும்

அடுத்துப் படத்தொகுப்பு. திரைத்துறையில் நெடுங்காலம் படச்சுருளைக் கையால் வெட்டி ஒட்டியே தொகுத்தனர். அவிட் என்னும் கணிப்பொறித் தொகுப்பு முறையைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படம் என்று, 1994 பொங்கலுக்கு வெளிவந்த 'மகாநதி' திரைவரலாற்றில் குறிக்கப்படுகிறது. அம்முறையின் சிறப்பு விரைவு மட்டுமன்று. சுருளை வெட்டாமலே, எங்கு வெட்டவேண்டும் என்ற குறிப்பை மட்டும் கணிப்பொறி நினைவில் வைத்துக்கொள்ளும். மூலம் முழுமையாய் இருக்கும். மனம் மாறினால் குறிப்பை மாற்றினால் போதும். மூலத்தைத் தொடாமல் தொகுத்தல் என்னும் இவ்வறம் இன்று வீட்டுக் கணிப்பொறிக்கும் வந்துள்ளது. கைவிடுவோரே அதனைக் கைவிடுகின்றனர்.

கலமாற்றத்தின் வழியே வெட்டவும் இயலும். ஆயின் அதற்கோர் இலக்கணம் உண்டு. சுருக்கப்பட்ட காணொளியில் எல்லாப் படங்களும் முழுப்படங்கள் அல்ல. இடையிடையே ஒரு முழுப்படம் வரும். அதற்குத் திறவுப்படம் எனப் பெயரிடலாம். அடுத்து வருவன பெரும்பாலும் முன்னதிலிருந்து எது மாறியது என்ற குறிப்பு மட்டுமே தாங்கியவை. அந்தாதியில் முன்பாட்டின் இறுதியைப் பற்றிக்கொண்டு பின்பாட்டு எழுவதுபோல, ஒவ்வொன்றும் முன்னதைச் சார்ந்து நிற்கிறது. நடுவில் அறுத்தால் முதலிழந்த பாட்டைப்போலப் படம் சிதைந்து தோன்றும். ஆகவே மறுசுருக்கம் இன்றி வெட்ட விரும்புவோர் திறவுப்படம் உள்ள இடத்திலிருந்தே தொடங்கவேண்டும். கோப்பைப் பொறுத்துத் திறவுப்படங்களின் இடைவெளி அரை நொடியாகவும் இருக்கலாம், பத்து நொடியாகவும் இருக்கலாம். கவிஞர் வாய்திறக்கும் கணத்தில் திறவுப்படம் இல்லையேல் அதற்கு முந்திய திறவுப்படத்திலிருந்து தொடங்குவதே முறை. அவர் மேடையேறுவதும் கண்ணாடியைத் துடைப்பதும் தாளைத் திருப்புவதும் உடன் வரும். வரட்டும். அவையும் வரலாறே.

மௌனத்தை வெட்டுதல்

இவ்விடத்தில் கவிஞர்கள் கூர்ந்து எண்ணவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இன்றைய தொகுப்பு மென்பொருள்கள் சிலவற்றில் ஒலியில்லாத இடங்களைத் தாமே கண்டு நீக்கும் வசதி உள்ளது. செய்முறை விளக்கத்திற்கு அது பயன்படும். கவிதைக்கு அது கேடு. யாப்பறிந்த அவை இது. சீருக்கும் சீருக்கும் இடையே, அடிக்கும் அடிக்கும் இடையே நிற்கும் நிறுத்தம் பாட்டின் புறத்தே இருப்பதன்று. புதுக்கவிதைக்கோ யாப்பின் கட்டு இன்மையால் நிறுத்தத்தின் பொறுப்பு இன்னும் மிகுதி. கவிஞர் ஓர் அடியைச் சொல்லி மூன்று நொடி அவையை நோக்கி நின்றாராயின் அம்மூன்று நொடியும் அவர் இயற்றியதே. அதனை நீக்கிய காணொளி எழுத்துப்பிழை மலிந்த பதிப்புக்கு நிகர்.

வெட்டவே கூடாது என்பது கருத்தன்று. நான்கு மணிநேர விழாவை எவரும் முழுதாய்ப் பார்க்க வருவதில்லை. பதினைந்து நிமிடத் தொகுப்பு வேண்டும். அதுவே புதியவரை அழைத்து வரும். ஆனால் தொகுப்பு நிற்க முழுமை போய்விடும் ஆபத்தைத் தமிழ் இலக்கிய வரலாறே காட்டுகிறது. தொள்ளாயிரம் பாடல் கொண்டதென்று பெயரே சொல்லும் முத்தொள்ளாயிரத்தில் நூற்றுச் சொச்சம் செய்யுள்களே இன்று உள்ளன; அவையும் பெரும்பாலும் புறத்திரட்டு என்னும் தொகுப்பு எடுத்தாண்டதால் தப்பியவை. திரட்டியவர்க்கு நன்றி சொல்லலாம். திரட்டில் இடம்பெறாதவற்றை மீட்க வழியில்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லாமலே அந்நூல் நின்றுவிட்டது. பதினைந்து நிமிடத் துண்டை இணையத்தில் ஏற்றிவிட்டு நான்கு மணிநேர மூலத்தை அழிப்போர் அடுத்த தலைமுறைக்குப் புறத்திரட்டை மட்டும் விட்டுச் செல்கின்றனர்.

நெறி எது என்பதற்குப் பதிப்பாசிரியர்களே சான்று. 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே.சா., ஏடுகளை ஒப்பிட்டுத் தமக்குச் சரியெனப் பட்ட பாடத்தை ஏற்றார், பிரதிபேதங்களையும் குறித்தார். தம் முடிவை ஏற்காதவரும் மூலத்தை ஆராய வழிவைத்தார். காணொளியைத் தொகுப்போர் எங்கு எவ்வளவு நீக்கினர் என்பதை ஒரு சிறு குறிப்பாய் உடன் வைத்தல் அந்நெறியின் தொடர்ச்சி.

பெயர் தொலைந்த புலவர்

சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர் என்னும் செய்திகளை வைத்தனர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்பது வரை குறிப்புண்டு. குறிப்பு தொலைந்த இடங்களில் புலவரின் பெயரும் தொலைந்தது. பாட்டில் வரும் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் பின்னோர் வழங்கினர். அழகிய பெயர்கள்தாம், ஆயினும் அவை ஓர் இழப்பின் மேல் போர்த்திய பட்டு. இன்று ஒளிப்பதிவுக் கருவி தானாய் இடும் எண்ணைப் பெயராய்த் தாங்கிய கோப்புகள் பல உள்ளன. அவற்றுள் பாடுபவர் யார், எவ்வூர் அரங்கு, எந்நாள் என்பது எடுத்தவர் நினைவில் மட்டுமே உள்ளது. நினைவுக்குக் காப்புப்படி இல்லை.

2002-இல் தோன்றிய எம்.கே.வி. கொள்கலன் இவ்வகையில் பெரிதும் உதவுவது. மட்ரோஸ்கா என்பது அதன் முழுப்பெயர். ஒன்றினுள் ஒன்றாய் அடங்கும் உருசிய மரப்பாவையின் பெயரைத் தழுவியது. படம், ஒலி ஆகியவற்றோடு தலைப்பு, நாள், இடம், இயல் பிரிப்பு, உரைவரிகள் ஆகியவற்றையும் ஒரே கோப்பில் அடக்கலாம். கலமாற்றம் செய்யும்போதே இவற்றைச் சேர்த்துவிடலாம், படம் தீண்டப்படுவதில்லை. கவிஞர் வாசிப்பதன் எழுத்து வடிவத்தை உரைவரியாய் ஓர் ஓடையிலும், பின்னொருநாள் அவரே தரும் விளக்கத்தை இரண்டாம் ஒலியோடையாயும் வைக்க இயலும். மூலத்தை மாற்றாமல் அதன் அருகே உரை வகுத்த நச்சினார்க்கினியர் மரபில் வந்தோர்க்கு இவ்வமைப்பு அயலானதாய்த் தோன்றாது. இதன் இலக்கணம் 2024-இல் இணையத் தரநிலையாகவும் வெளியிடப்பட்டுள்ளது. எவரும் கற்று இதற்கு மென்பொருள் எழுதலாம் என்பது நெடுங்காலப் பாதுகாப்புக்கு வலிமை.

வட்டம் செய்யத்தக்கன

2015 டிசம்பர்த் தொடக்கத்தில் பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் திறக்கப்பட்ட நீரும் பெருமழையும் சேர்ந்து அடையாற்றங்கரைக் குடியிருப்புகளைச் சூழ்ந்தன. தரைத்தளத்து அலமாரிகளில் இருந்த நூல்களும் நிழற்படத் தொகுதிகளும் பேழைகளும் சேறாயின. அன்று ஏட்டை ஆற்றுக்குக் கொண்டுசென்றனர். இன்று ஆறே வீட்டுக்கு வந்தது. ஒரே வீட்டில், ஒரே கணிப்பொறியில் உள்ள பதிவு காக்கப்பட்ட பதிவாகாது. மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேற்றூரில் என்பது ஆவணக்காப்போர் வகுத்துள்ள எளிய கணக்கு. அம்பத்தூர் உறுப்பினர் படியொன்று ஆவடியிலும், அதன் மறுபடி வெளிமாவட்ட நண்பர் இல்லத்திலும் இருத்தல் பெருஞ்செலவுடைய செயலன்று.

இவ்வகைப் பணி அரசாலும் பெருநிறுவனத்தாலும் மட்டுமே ஆவதென எண்ணவேண்டா. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பல நாட்டுத் தமிழரின் தன்னார்வ உழைப்பால் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கிற்று. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் தேடித் திரட்டி எவர்க்கும் திறந்து வைத்துள்ளது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட மக்களுக்குப் படியெடுத்தலின் பொருளை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் அடுத்த ஆண்டுக்குள் நான்கு செய்யலாம். பரணில் உள்ள பேழைகளை, இயங்கும் கருவி கிட்டும்போதே எண்முறைக்கு மாற்றுதல் முதலாவது. உறுப்பினர்களின் கோப்புகளை மறுசுருக்கம் செய்யாமல் கலமாற்றம் மட்டும் செய்து ஒரே வகைக் கொள்கலனில் திரட்டுதல் இரண்டாவது. ஒவ்வொன்றிலும் பாடினோர், பொருள், இடம், நாள் ஆகியன எழுதிச் சேர்த்தல் மூன்றாவது. மூலத்தை எவரும் தொடாதவாறு தனியே வைத்துவிட்டு, வெட்டுவதெல்லாம் படியில் மட்டுமே வெட்டுதல் நான்காவது. முதல் மூன்றுக்கும் கருவியும் பொழுதும் வேண்டும். நான்காவதற்கு வேண்டுவது அடக்கம் ஒன்றே: தனக்கு வேண்டாதது பின்வருவோர்க்கு வேண்டியிருக்கலாம் என்னும் அடக்கம்.

பெயர் அறியப்படாத ஏடெழுதுவோர் பலர், தம் காலத்தில் பொருள் விளங்காத பாடல்களையும் விடாமல் பெயர்த்தெழுதினர். விளங்கியவற்றை மட்டும் எழுதியிருப்பாராயின் பிற்காலத்தார் கைக்குச் சங்கத்தமிழ் வந்து சேர்ந்திராது. அப்பணியில் அமர வீட்டுக் கணிப்பொறியின் முன் இடம் காலியாய் இருக்கிறது.